ஆளில்லாத ஸ்டேஷன்

ரயில்வே ஸ்டேஷன் என்றால் என்னென்ன வேண்டும்? ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும், மணி வேண்டும், டிக்கெட் ஜன்னலும் அதன் முன்னே ஒரு கூட்டமும் வேண்டும் என்போம். ஜப்பானில் இவற்றில் ஒன்றுமே இல்லாத ஸ்டேஷன்கள் ஏராளம். வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில், ஸெகிஹொகு பாதையில் இருந்த க்யூ-ஷிராடாகி அவற்றில் ஒன்று. ஒரு பிளாட்பாரம், பனிக்காற்றுக்கு ஒதுங்க மரத்தாலான சிறு கொட்டகை, அவ்வளவே ஸ்டேஷன்.

அப்படியானால் டிக்கெட் கொடுப்பது யார் என்று நேயர்கள் கேட்கலாம். இத்தகைய பாதைகளில் டிரைவரே கார்டு. அவரே டிக்கெட் கலெக்டர். ஏறும் வாசலிலுள்ள இயந்திரம் ஓர் எண் அச்சிட்ட சீட்டை நீட்டும். வண்டியின் முன்புறத்துப் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் காணும். இறங்கும்போது சீட்டையும் காசையும் டிரைவர் அருகேயுள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டியது. ஆள் குறைந்ததால் ஒழுங்கு குறைந்துவிடவில்லை.

2016-ஆம் வருஷம் ஜனவரியில் ஒரு கதை உலகமெங்கும் பரவிற்று. பள்ளிக்கூடம் செல்லும் ஒரே ஒரு பெண்ணுக்காக ரயில்வே கம்பெனி ஒரு ஸ்டேஷனையே மூடாமல் வைத்திருக்கிறதாம்; அவள் படிப்பு முடிந்ததும் ஸ்டேஷனையும் மூடிவிடுமாம்! கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நாமும் கலங்கினோம் என்பதை மறைப்பானேன்?

விசாரித்ததில் சில பிழைகள் புலப்பட்டன. செய்தியில் அடிபட்ட பெயர் காமி-ஷிராடாகி. அங்கே நாளொன்றுக்குப் போக ஒரு வண்டியும் வர ஒரு வண்டியுமே நின்றன. அந்தப் பெண் ஏறியதோ க்யூ-ஷிராடாகியில். ஸ்டேஷன்களை மூடியதற்குக் காரணம் பிரயாணிகள் இல்லாமையே. ஜப்பானில் ரயில் அட்டவணை திருத்தப்படுவதும் மார்ச்சில். பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒத்துக்கொண்டன. 2016 மார்ச் 26 அன்று இவ்விரண்டும் ஷிமோ-ஷிராடாகியும் ஆக மூன்று ஸ்டேஷன்கள் மறைந்தன.

கதை பொய்த்ததே என்று நாம் வருந்தவில்லை. எஞ்சிய உண்மை அதைவிடப் பெரிதென்று தோன்றுகிறது. வண்டி நிற்கும் என்று அட்டவணையில் போட்டிருந்தது, ஆகவே நின்றது. கருணை ஒரு நாள் வரும், மறுநாள் மறந்துபோகும். அந்தப் பெண் யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை; ரயிலுக்காகக் காத்திருந்தாள்.

ஆனால் அட்டவணைக்கும் ஆபத்து வந்துவிட்டது. 1987-ல் ஜப்பான் தேசிய ரயில்வே பாகம் பிரிக்கப்பட்டபோது, டோக்கியோவின் ஜனக் கூட்டம் வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. பனியும் மலையும் ஹொக்கைடோ கம்பெனியின் பங்குக்கு வந்தன. 2016 நவம்பரில் அக்கம்பெனி, தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, அதாவது சுமார் 1,237 கிலோமீட்டரைத் தனியாகத் தாங்க இயலாது என்று அறிவித்தது. ஷிராடாகி வழியாகச் செல்லும் மலைப் பாதையும் அதில் அடக்கம்.

ஊரில் ஜனங்கள் குறைகிறார்கள். குளிர்காலந்தோறும் பனியைத் தள்ளும் செலவு மட்டும் குறைவதில்லை. கம்பெனியின் கணக்கில் பிழை காண நமக்குத் துணிவில்லை. ஆயினும், ஊருக்குப் போகும் சாலையைப் பார்த்து, "நீ எவ்வளவு லாபம் ஈட்டினாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லையே! தண்டவாளத்தை மட்டும் கேட்பானேன்? ஒரு பெண் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததை வரவுப் பத்தியில் எந்த இலக்கமாக எழுதுவது? கணக்கர்கள் சொல்லட்டும், நாம் காத்திருக்கிறோம்.