சீட்டை மடக்குதலும் ஒரு கணக்கே

கலாசாலைச் சஞ்சிகையிற் சூதாட்டத்தைக் குறித்து எழுதுவதோ என்று நம் தமிழ்ப் பண்டிதர்கள் புருவம் நெரிப்பார்கள் என்பதை யாம் அறிவோம். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்க, நளன் கதையும் தருமன் கதையும் யாவரும் இளமை முதற் கேட்டிருக்க, அவற்றை ஈண்டு மீண்டும் உரைக்கப் புகுந்தோமில்லை. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் எதிரி பணயம் வைத்தபொழுது அதற்கு ஈடு கட்டுவதா, அன்றிக் கைச்சீட்டை மடக்கி விலகுவதா என்னும் ஒரு வினாவை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். இதற்கு விடை காணத் தெரியாமலே கைப்பேசியில் ஆடிப் பொருளிழந்த வாலிபர் பலராதலின், மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

டெக்ஸாஸ் ஹோல்டம் என வழங்கும் வகையில் ஒவ்வொருவர்க்கும் மறைவாக 2 சீட்டு உண்டு. நடுவே யாவர்க்கும் பொதுவாக 5 சீட்டுகள், முதலில் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றுமாகத் திறக்கப்படும். பொதுச்சீட்டு நான்கு திறந்தாயிற்று என்று கொள்வோம். நம்மிடம் இஸ்பேட்டு இரண்டு, நடுவில் இரண்டு. இன்னும் ஒன்று வீழ்ந்தால் ஓரினம் ஐந்து சேர்ந்து வெற்றி நமதே. நாம் காணாத சீட்டுகள் 46; அவற்றுள் இஸ்பேட்டு 9. ஆகவே ஏறக்குறைய நூற்றுக்கு இருபது முறையே விரும்பியது வரும். நடுவில் 100 ரூபாய் இருக்க, எதிரி தன்னிடம் எஞ்சிய 50 ரூபாயையும் வைக்கிறான். நாம் 50 கொடுத்து 150-ஐ நாடுகிறோம்; நூற்றுக்கு 25 முறையேனும் வென்றாலன்றி இது கட்டாது. மடக்க வேண்டியதே. அவனிடம் எஞ்சியது 25 மாத்திரமாயின், 17 முறை வென்றாலே போதும், ஈடு கட்டலாம். சீட்டும் அதுவே, ஆசையும் அதுவே. விலை மாறிற்று, விடையும் மாறிற்று.

நிற்க. இக்கணக்கைப் பள்ளிச் சிறுவனும் போடுவான். பின்னை ஏன் தவறுகின்றனர்? முன்னரே நடுவில் இட்ட பணத்தை இன்னமும் தம்முடையதென்று எண்ணுவதனாலேயே. எமக்குப் பழக்கமான விடுதி மாணாக்கர் ஒருவர், கட்டணத்திற்கென வீட்டார் அனுப்பிய தொகையை ஓரிரவில் இவ்வாறு தொலைத்தார். வணிகவியல் பயில்பவர்; சதவீதம் அறியாதவரல்லர். "இவ்வளவு போட்டபின் எப்படி ஐயா விடுவது?" என்றார். அச்சொல்லில் நோய் முழுவதும் இருந்தது.

ஆயினும் மடக்குதல் எப்பொழுதும் அறிவாகி விடாது. 2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் இறுதியிலே கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர் (பெயரே அதுதான், யாம் புனைந்ததன்று) சாமி ஃபார்ஹா என்னும் தேர்ந்த ஆட்டக்காரரை எதிர்த்தார். நடுவில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. ஃபார்ஹாவின் கையில் ஓர் ஒன்பது இருந்தமையால் ஜோடி உண்டு. மணிமேக்கர் கையில் ராஜாவும் ஏழும், ஒன்றும் சேரவில்லை. எனினும் அவர் இருப்பனைத்தையும் முன்தள்ளினார். ஃபார்ஹா சிந்தித்துப் பார்த்து, வெல்லும் சீட்டை மடக்கிவிட்டார். அவரை மூடரென்பது தகாது. அவர் கண்டது தம் சீட்டையே. தொலைக்காட்சியிற் கண்டவர்களோ இருவர் சீட்டையும் கண்டார்கள். இணையவழியிற் சிறு தொகை கட்டி அவ்வரங்கிற்கு வந்த மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு 839 பேர் ஆடிய போட்டியில் 2006-இல் 8,773 பேர் ஆடினர். துணிந்து வென்றவனை உலகம் கண்டது. துணிந்து தோற்றவரைப் படம்பிடிப்பார் யார்?

இணையத்தில் எதிரியின் முகமில்லை. சிந்திக்கச் சில நொடிகளே உண்டு. ஓர் ஆட்டம் முடியுமுன் மற்றொன்று விரியும். நடுப்பணத்தினின்று நடத்துவோர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், மேசையிலுள்ளார் யாவரும் சமதிறமையுடையவராயின், நாளடைவில் யாவரும் தோற்பர்.

இது திறமையாட்டம் அன்றோ என்பர் சிலர். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாறே கொண்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்னும் பேதம் பாராது, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்கிற்று. திறமையாட்டம் என்பதில் எமக்கும் ஐயமில்லை, அதனாலேயே அஞ்சுகிறோம். குருட்டு அதிர்ஷ்டமாயின் நம் மாணாக்கருக்கும் சமபங்கு உண்டு. 2017-இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், இருவராடும் போக்கரில் தேர்ந்த நால்வரை எதிர்த்து 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. அத்தகைய தேர்ந்தோரே தோற்ற ஆட்டத்தில், நள்ளிரவில் கண்ணயர்ந்து அமர்ந்திருக்கும் பதினெட்டு வயதினன் எவனுடைய திறமைக்கு இரையாவான்?

ஆகலின் கணிதத் துறையாருக்கு ஒரு விண்ணப்பம். வருகிற பருவத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு மணி நேரம் இவ்வாட்டத்திற்கு ஒதுக்குவார்களாக. காசு வேண்டா, புளியங்கொட்டை போதும். மாணாக்கர் தம் கையாலேயே நூறு முறை ஆடி, எத்தனை முறை இஸ்பேட்டு வந்தது என்று குறித்துப் பார்க்கட்டும். இது சூதைக் கற்பிப்பதாகாதோ என்று அவையில் எவரேனும் வினவினால் எழுந்து மறுமொழி கூறச் சித்தமாயிருக்கிறோம். புளியங்கொட்டை கொணரும் பொறுப்பும் எம்முடையதே.