வீடு மாறினாலும் குடி மாறாது

நம் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போனாலும் தாய்வழிக் குடி அவரோடே இருக்கும். பேஸ்புக்கில் அப்படியில்லை, சகோதரிகளே! வெளியேறினால் நட்பு வட்டம் அங்கேயே நின்றுவிடும்.

2016இல் வந்த மஸ்டொடோன், பலர் தனித்தனியே நடத்தும் சேர்வர்களின் கூட்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நம்மைப் பின்தொடர்வோர் கூடவே வருவர். பழைய பதிவுகள் வரா. பழைய சேர்வர் சொல்லாமல் மூடிவிட்டாலோ, அவர்களும் இல்லை.

புளூஸ்கையில் பெயரை மாற்றினாலும் மாறாத அடையாளக் குறி ஒன்று உண்டு, நம் குடியைப் போல. பதிவுகளையும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்தக் குறியின் சாவி வழக்கமாகச் சேர்வர்காரர் கையில்! தமக்கென ஒரு மீட்புச் சாவியை முன்பே பதிந்து, பதிவுகளின் பிரதியும் வைத்திருப்பவருக்கே, சேர்வர் கைவிட்டாலும் கணக்கு மிஞ்சும். அந்தச் சாவியைப் போன் கடைக்காரரிடம் கொடுத்து வைக்காதீர்கள்.