பின்னால் அமர்பவருக்கும் பழக்கம் வேண்டும்

இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர் ஒரு வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லோருடைய கவனமும் அதை ஓட்டப்போகிறவர்மீதே குவிகிறது. அவருடைய கைகளில் போதிய வலு உள்ளதா, இடுப்பு தளராமல் நிற்குமா, பிரேக் முழுவதையும் கையாலேயே இயக்க முடியுமா என்று பார்க்கிறோம். பழகுநர் உரிமம், ஓட்டுநர் உரிமம், மைதானத்தில் பயிற்சி என அனைத்தும் அவருக்காகவே நடக்கின்றன. அவருக்குப் பின்னால் அமரப்போகும் மனைவியையோ தாயையோ எவரும் எதுவும் கேட்பதில்லை. ‘விழாத வண்டிதானே, ஏறி உட்கார வேண்டியதுதான்’ என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தோடு எங்கள் மறுவாழ்வுப் பிரிவினர் உடன்படவில்லை. ஓட்டுபவருக்கு எவ்வளவு பயிற்சி தேவையோ, ஏறத்தாழ அவ்வளவு பழக்கம் பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தேவை என்பதே எங்கள் கருத்து.

தமிழ்நாட்டில் இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இவ்வகைப் பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை விலையின்றி வழங்கிவருகிறது. தாமே ஸ்கூட்டர் வாங்கிப் பட்டறையில் சக்கரம் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு சக்கரம் சேர்வதால் கணக்குப்படி அது நான்கு சக்கர வண்டி. ஆனால் ஊர்வழக்கில் அது ‘மூன்று சக்கர வண்டி’தான். நாங்களும் அப்படியே அழைக்கிறோம்.

வண்டி வந்து சில மாதங்களில், சில வீடுகளில் அது தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதை அறிகிறோம். காரணம் கேட்டால் பெட்ரோல் விலையையோ பஞ்சரையோ சொல்வார்கள். சற்று நேரம் அமர்ந்து பேசிய பின்னரே உண்மை வெளிவரும்: அவர் ஓட்டத் தயார், வீட்டம்மா ஏறத் தயாரில்லை. விபத்துக்கு முன் பல்லாண்டுகள் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அச்சமின்றிச் சென்றவர்தாம் அவர். இப்போது ஒருமுறை ஏறிப் பார்த்து, தெருமுனை திரும்பும் முன்னரே ‘நிறுத்துங்கள்’ என்று இறங்கிவிடுகிறார். அன்றிலிருந்து அவர் பேருந்தில், இவர் வண்டியில். அல்லது இருவரும் வீட்டில். புண்ணுக்குக் கட்டுமாற்ற வருவதும் சிறுநீர்க் குழாய் மாற்ற வருவதும் தள்ளிப்போகின்றன. உறவினர் திருமணத்துக்குச் சேர்ந்து போவது நின்றுபோகிறது. தன்மேல் அவளுக்கு நம்பிக்கையில்லை என்று கணவர் எண்ணிக்கொள்கிறார். அவர் மனம் புண்படக் கூடாதே என்று மனைவி வாய் திறப்பதில்லை. இவ்வளவும் பெரும்பாலும் ஒரு தவறான புரிதலிலிருந்தே எழுகின்றன. அந்த அம்மையார் அஞ்சுவது கணவரைக் கண்டு அன்று. அந்த வண்டி திரும்பும் விதத்தைக் கண்டே அஞ்சுகிறார்.

இருசக்கர வண்டி வளைவில் உட்புறமாகச் சாய்கிறது. அப்போது வெளியே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் ஒன்றுசேர்ந்து முதுகுத்தண்டின் வழியே நேராக இருக்கைக்குள் இறங்குகின்றன. பின்னால் இருப்பவர் ஒரு சிறு அழுத்தத்தை உணர்வாரேயன்றிப் பக்கவாட்டில் தள்ளப்படுவதில்லை. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும் ‘நேராகத்தான் இருக்கிறோம்’ என்றே மூளைக்குத் தெரிவிக்கிறது. பல்லாண்டுகள் அப்படியே பழகிய உடல் அது. மூன்று சக்கர வண்டியோ சாய்வதில்லை. வளைவில் அது நிமிர்ந்தே நிற்க, அமர்ந்திருப்பவரின் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஏறத்தாழ 19 கிலோ பளுவுக்குச் சமம். அதே முனையை 15 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் அது 11 கிலோ அளவுக்குத் தணிந்துவிடும். வேகத்தில் 5 கிலோமீட்டர் குறைப்பது ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தோன்றாது; பின்னால் இருப்பவருக்கோ அது பாதிச் சுமை இறங்கியதற்கு நிகர். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பதும், வளைவின் நடுவில் பிரேக் பிடிக்காதிருப்பதும் ஓட்டுபவர் காட்ட வேண்டிய முதல் பரிவு. வண்டி கவிழாமல் இருப்பதற்கும் அதுவே வழி. ‘விழாத வண்டி’ என்பது நின்றுகொண்டிருக்கும்போது மட்டுமே உண்மை.

சாலையின் சரிவும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். இருசக்கர வண்டி அதைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து செல்லும். இடது ஓரமாகப் போகும் மூன்று சக்கர வண்டியோ அச்சரிவை அப்படியே ஏற்று, வழிநெடுக இடப்புறம் சற்றுச் சாய்ந்தே ஓடும்.

இந்த இடத்தில் புடவையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் பெண்களில் பலர் இரு கால்களையும் இடப்புறம் தொங்கவிட்டு ஒருபக்கமாக அமர்பவர்கள். சாயும் வண்டியில் அது ஓரளவு செல்லுபடியாகிறது. சாயாத வண்டியில் ஒருபக்கமாக அமர்ந்தவர் வலப்புறத் திருப்பத்தில் முன்னோக்கி வழுக்குகிறார். அவருக்கு முன்னால் இருப்பது சாலை. இடப்புறத் திருப்பத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறார். அங்கே சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, காலை வைக்க வேண்டிய இடத்தில் பக்கச் சக்கரமும் மட்கார்டும் இருக்கின்றன. எனவே இவ்வண்டியில் இருபுறமும் கால் போட்டு அமர்வதையே நாங்கள் வலியுறுத்துகிறோம். உடுத்தும் உடையைப் பற்றி அறிவுரை கூறுவது மருத்துவமனையின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. சக்கரத்தில் சிக்கிய துப்பட்டாவால் கழுத்து நெரிபட்டு வருபவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் வேலை என்றால், இதுவும் அதன் வேலையே. முந்தானையையும் துப்பட்டாவையும் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு சக்கரம் இருந்த இடத்தில் இப்போது மூன்று இருக்கின்றன. புடவையை விட முடியாது என்னும் முதியவர்கள், முதுகுச்சாய்வும் பக்கக் கம்பியும் பொருத்திய பிறகே ஏறுவது நல்லது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்வைக்கும் இடம், சக்கரத்தை மறைக்கும் தடுப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. சக்கரம் பொருத்தும் பட்டறையில் இவை கழற்றப்பட்டால், மீண்டும் பொருத்தித் தருமாறு கேட்டு வாங்குங்கள்.

மறக்க வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. இருசக்கர வண்டி நிற்கும்போது காலை ஊன்றித் தாங்குவது நம் உடலில் ஊறிப்போன செயல். மூன்று சக்கர வண்டியில் கீழே இறங்கும் கால், பக்கச் சக்கரத்துக்கு முன்னால் போய் விழுகிறது. வண்டி இன்னும் ஓர் அடி உருண்டால் பாதம் அதன் அடியில். வண்டி முழுமையாக நின்று, ஓட்டுபவர் பிரேக்கைப் பூட்டி, ‘இறங்கலாம்’ என்று சொல்லும்வரை கால்கள் தம் இடத்திலேயே இருக்க வேண்டும். அறிவுரையாகக் கேட்டால் இது எளிது. உடல் இதைக் கற்றுக்கொள்ள நிற்கும் வண்டியில் பலமுறை ஏறி இறங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதைப் பற்றிக்கொள்வது என்பது, எங்கள் நோயாளிகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றினும் முக்கியமானது. பயந்தவர் முன்னால் இருப்பவரின் தோளைப் பிடிப்பது இயல்பு. தண்டுவடக் காயத்தால் வயிறு, முதுகுத் தசைகளின் வலுவை இழந்த ஒருவரைத் தோளில் பிடித்து இழுத்தால் அவரே சாய்ந்துவிடுவார். ஹேண்ட்பாரும் அவரோடு திரும்பும். எனவே பிடிக்க வேண்டியது கைப்பிடிக் கம்பியை மட்டுமே. இருவருக்கும் இடையில் கைப்பையையோ சாப்பாட்டுப் பெட்டியையோ செருகி வைக்காதீர்கள். உணர்ச்சியில்லாத தோலில் அதன் விளிம்பு அழுத்துவது ஓட்டுபவருக்குத் தெரியாது; வீட்டுக்கு வந்து பார்க்கும்போது படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பு தெரியும். வளைவில், வெளிப்புறக் காலைக் கால்மிதியில் நன்றாக அழுத்தி, இடுப்புக்கு மேலே மட்டும் உட்புறமாகச் சற்றுச் சாய்ந்து, திரும்பப்போகும் திசையைப் பார்க்க வேண்டும். கண் போகும் திசையிலேயே வண்டியும் போனால் மயக்கமும் குமட்டலும் குறையும். கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு கண்களை இறுக மூடுவதால் அச்சம் வளருமேயன்றித் தணியாது.

இவற்றையெல்லாம் எப்படிப் பழகுவது? முதல் நாளிலேயே சந்தைத் தெருவுக்குப் போக வேண்டாம். ஒரு காலிமனையோ பள்ளி மைதானமோ போதும். முதலில் நிற்கும் வண்டியில் அமர்ந்து, எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழக்க வேண்டும். பிறகு நேர்கோட்டில் நடைவேகத்தில். அதன்பின் பெரிய வட்டங்கள், இருபுறமும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் சுற்றுவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் சுற்றுவது நல்லது. சமநிலை உறுப்பு சிறுகச் சிறுகத்தான் புதிய அசைவுக்கு இணங்கும். தலைக்கவசத்துக்குள் பேச்சு கேட்காது என்பதால், கையால் ஒரு தட்டு என்றால் ‘மெதுவாக’, இரு தட்டு என்றால் ‘நிறுத்து’ என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரு தட்டு விழுந்தால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். தான் சொன்னால் வண்டி நிற்கும் என்ற உறுதி ஒன்றே பாதி அச்சத்தைப் போக்கும். ஓட்டுபவரும் வேகத்தடையைக் குறுக்காகக் கடக்காமல் நேராகக் கடக்க வேண்டும். ஒற்றைச் சக்கரம் விலகிப்போகும் பள்ளத்தில் இங்கே மூன்றில் ஒன்றாவது இறங்கியே தீரும். அந்த அதிர்ச்சி பின்னிருக்கைக்கு அப்படியே வரும். அங்கே அமர்ந்திருப்பவருக்கு முதுகுவலியோ மூட்டுவலியோ இருக்கலாம்.

எங்களுக்குள்ளேயே சிலருக்கு உடன்பாடில்லாத ஒரு யோசனையையும் முன்வைக்கிறோம். முடியுமானால் பின்னால் அமர்பவர், முதல் ஓரிரு முறை, இவ்வண்டியை நன்கு ஓட்டிப் பழகிய வேறொருவரின் பின்னால் அமர்ந்து பார்க்கட்டும். அது கணவரை அவமதிப்பதாகும் என்பது மறுப்பவர்களின் வாதம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆட்டமும் தள்ளலும் வண்டியின் குணம், ஓட்டுபவரின் குறை அல்ல என்பதை அந்த ஒரு சுற்று உணர்த்திவிடும். பிறகு கணவரின் பின்னால் அமரும்போது அவரை நம்புவது எளிதாகிறது.

ஆயினும் எல்லா அச்சமும் பழக்கத்தால் போவதன்று. விபத்து நடந்தபோது உடன் இருந்தவர் இவராகவே இருக்கலாம். வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பதும், அந்தக் காட்சி கனவில் திரும்பத் திரும்ப வருவதும் ஒரு மாதத்தைக் கடந்தும் நீடித்தால், அவருக்குத் தேவை மைதானம் அல்ல, மனநல மருத்துவர். அவரை அதட்டியோ கேலி செய்தோ ஏற்றாதீர்கள். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவரைப் பின்னால் ஏற்றுவதற்கு முன்னும், இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டவரை ஏற்றுவதற்கு முன்னும் எங்களைக் கேளுங்கள். பிடிக்க ஒரே கை உள்ளவர், அந்தக் கைக்கு எதிர்ப்புறம் தள்ளும் வளைவில் தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாது.

தலைக்கவசம் குறித்து ஒரு சொல். விழாத வண்டி என்ற எண்ணத்தில் பின்னால் இருப்பவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129ஆம் பிரிவு ஓட்டுபவரையும் உடன் செல்பவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தார்ச்சாலையும் அப்படித்தான்.

வீட்டுக்கு அனுப்புமுன் வண்டிப் பயிற்சி பெறும் ஒவ்வொரு நோயாளியுடனும், அவருக்குப் பின்னால் அமரப்போகிறவரும் குறைந்தது ஒரு நாளாவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுபவருக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கையாவது அவருக்கு ஒதுக்குவது மறுவாழ்வுப் பிரிவுகளின் கடமை என்று கருதுகிறோம். வரும்போது விசேஷமாக உடுத்திவர வேண்டாம். அன்றாடம் வெளியே போகும் உடையிலேயே வாருங்கள். அளவு சரியான தலைக்கவசம் உங்களுடையதாக இருக்கட்டும். ஊன்றுகோல்களையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அவற்றைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு போனால் எதிரே வருபவர்மீது இடிக்கும். வண்டியின் எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் மாட்டி கட்டுவது என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.