முடக்குக் கடையில் காதலர் தினம்

தைப்பொங்கல் முடிந்தால் சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் எங்கள் பக்கத்துச் சிறு கடைகளுக்குப் பெரிய வியாபாரம் கிடையாது. இடையில் சிவராத்திரிக்குப் பழமும் தேங்காயும் போகும், அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்துக்குள் கல்லாப்பெட்டி கொஞ்சம் நிரம்புகிற நாள் பெப்ரவரி 14. காதலர் தினம் எங்கள் பண்பாடா என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறார்கள். நான் கடைக்காரர் பக்கம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தை அண்டியிருக்கும் கடைகளைச் சொல்கிறேன். போட்டோக் கொப்பி எடுக்கிற கடை, பான்சிக் கடை, வெதுப்பகம், முடக்கில் ரீலோட்டும் போட்டுத் தருகிற பலசரக்குக் கடை. 2023 பெப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை இவை எல்லாவற்றிலும் இளம்பிள்ளைகள் நின்றார்கள். பெற்றோல் கோட்டா மோட்டார் சைக்கிளுக்கு அப்போது வாரம் 4 லீற்றர் என்றிருந்ததால், ஒரு பூவுக்காக நகரத்துப் பெரிய கடைகளுக்கு ஓட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வகையில் நாட்டின் பொருளாதார நெருக்கடி இந்தக் கடைகளுக்கு ஆட்களை அனுப்பித்தான் வைத்தது.

ஆனால் அவர்கள் வாங்கியது என்ன? பான்சிக் கடை நடத்தும் அக்கா சொன்னார்: “ஆக்கள் வராமல் இல்லை அண்ணை. வாறவை எல்லாம் விலையைக் கேட்டுப்போட்டுச் சின்னனாப் பாத்துத்தான் எடுக்கினம்.” நுவரெலியாப் பக்கத்து ரோசாவை அவர் கொத்தாகக் கட்டி வைக்கவில்லை, ஒவ்வொன்றாகவே விற்றார். 2022 ஓகஸ்டில் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை அரசு இடைநிறுத்தியபோது சொக்லேட்டும் வாசனைத் திரவியமும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்குப் பிறகு அவருடைய தட்டில் உள்ளூர்ச் சொக்லேட்தான், அதிலும் சின்னப் பட்டைகள். பக்கத்துப் போட்டோக் கொப்பிக் கடைத் தம்பி தடித்த தாளில் வாழ்த்து மடல் அச்சடித்து விற்றான். அச்சடித்தவை எல்லாம் போய்விட்டன. அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வெதுப்பகத்தின் கதை வேறு. முட்டைக்கு அப்போது அரசு விலை ஒன்று, கையில் கிடைத்த விலை இன்னொன்று. ஒரு கிலோ கேக் கேட்கிறவர் இல்லையென்று துண்டுக் கேக்காகச் செய்தார்கள். அப்போதைய நாளாந்த மின்வெட்டோ 2 மணி 20 நிமிடம் வரை. கிறீம் உருகுவதற்கு அது போதும். காதலர் தினத்துக்கு அடுத்த நாள் முதல் மின் கட்டணம் 66 வீதம் உயர்ந்தது. 2022 ஓகஸ்டில் உயர்ந்த 75 வீதத்துக்கு மேலே இது.

நான் கவலைப்பட்டது அன்றைய விற்பனையைப் பற்றியல்ல. ரூபாய்க் கணக்கில் பார்த்தால் அது முந்திய ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கும். அந்தக் காசைக் கொண்டு திரும்பச் சாமான் எடுக்கப் போகும்போதுதான் வலி தெரியும். டொலர் 2022 பெப்ரவரியில் சுமார் 200 ரூபாய், 2023 பெப்ரவரியில் 360க்கு மேல். 2023 ஜனவரியில் பணவீக்கம் 50 வீதத்துக்கும் கூட. பழைய விலைக்கு எடுத்ததை விற்ற காசில் புதிய விலைக்கு வாங்கினால் தட்டு பாதிதான் நிறையும். மிச்சப் பாதிக்கு வங்கியிடம் போகவும் முடியவில்லை. அப்போது மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வீதமே 15.5 என்றால், கடைக்காரருக்கு எத்தனை வீதம் வந்திருக்கும்? அதனால் வீட்டு நகை அடகுக்குப் போனது. காதலர் தினச் சாமான் எடுக்கத் தன் சங்கிலியை வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். இலாபத்தில் அதை மீட்கலாம் என்றிருந்தார். அப்போது மீட்க முடியவில்லை.

இதே கடைகள்தான் 2022இல் நாங்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்களில் அரிசியும் மாவும் கடனுக்குத் தந்தன. பல்பொருள் அங்காடியில் கடன் கொப்பி இல்லை. 2023 ஜனவரியில் வந்த புதிய வருமான வரியால் சம்பளக்காரர் கையும் இறுகியது, அது உண்மை. என்றாலும் பலசரக்குக் கடைக்காரர் எழுதி வைத்திருக்கும் நிலுவைகளில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைக்கிறவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

உங்கள் பெயரும் ஏதாவதொரு கொப்பியில் இருந்தால், இந்த மாதச் சம்பளத்தில் முழுவதையும் கொடுக்க முடியாவிட்டாலும் ஒரு பகுதியையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் சித்திரைக்குச் சாமான் எடுக்க வேண்டும்.