நாற்படையாட்டம் எம்மொழியில்?

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. 2024 திசம்பரில் சென்னைப் பிள்ளை குகேசு தம் 18-ஆம் அகவையில், சிங்கப்பூரில் உலக வாகையரானார். நாற்படையாட்டத்தைப் பள்ளியிற் கற்பிக்க வேண்டும் என்னும் குரல் வலுத்துள்ளது. நன்றே. ஆர்மீனியா 2011-இலேயே தொடக்கப்பள்ளிகளில் அதனைக் கட்டாயப் பாடமாக்கியது. நம் வினா வேறு: எம்மொழியிற் கற்பிக்கப் போகின்றீர்கள்?

பொருநைக்கரைத் திருவைகுண்டத்தில் தமிழ்வழிப் பயிலும் பிள்ளை பலகைமுன் அமர்ந்ததும் கேட்கும் முதற்சொற்கள் 'கிங்', 'குயின்', 'பிசப்பு', 'செக்கு' என்பனவாயின், அது குமரகுருபரர் பிறந்த ஊருக்கு இழுக்கன்றோ? அறிவு வளர்க்கும் ஆட்டம் என்று கொணர்ந்துவிட்டு, அறிவுக்கு ஆங்கிலமே வாயில் என்பதையன்றோ முதற்பாடமாகப் புகட்டுகின்றனர்!

உலக வழக்கை மாற்றலாகாது என்பார் உளர். உலக வழக்கு யாதென அவர் அறியார். சாய்வாக ஓடும் காயை ஆங்கிலர் தம் திருச்சவைத் தலைவர் பெயரால் அழைக்கின்றனர். பிரஞ்சியர்க்கு அது கோமாளி, செருமானியர்க்கு ஓடுநன், உருசியர்க்கு யானை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் சட்டமே, ஆட்டக் குறிப்பெழுதுவோர் தத்தம் நாட்டில் வழங்கும் காய்ப்பெயரின் முதலெழுத்தை எழுதலாம் என்று இசைவளிக்கின்றது. பிரஞ்சியரும் ஆலந்தரும் அவ்வாறே எழுதுகின்றனர். தமிழன் கையை மட்டும் பற்றித் தடுத்தவர் யாவர்?

சொற்பஞ்சமா நமக்கு? 'வல்' என்னும் சொல் 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு புணருமாற்றைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்துரைத்தார். வல் ஆட்டக்கருவி, நாய் அதன் காய். (அதுவும் இன்றைய ஆட்டமும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. பலகையும் காயும் வைத்தாடிய இனம் காய்க்குப் பெயர் கடன்வாங்க வேண்டுவதில்லை என்கின்றோம்.) 'ஆனைக்குப்பு' என்னும் பெயரும் அகரமுதலியில் உறங்குகின்றது. கோ, அரசி, தேர், யானை, குதிரை, காலாள் என்று வைப்பின் முதலெழுத்துகளும் மோதா. மூலைக்காய் யானையா தேரா என்று அறிஞர் பூசலிடட்டும், இரண்டும் தமிழே.

இனி வகுப்பறை. உழிஞை அரண் முற்றல், நொச்சி அரண் காத்தல் என்று மாணாக்கர் நெட்டுருச் செய்து தேர்வுத்தாளிற் கக்குகின்றனர். கோவை ஓரத்தில் ஒதுக்கி, மூன்று காலாளரை மதிலாக நிறுத்தும் நகர்வைப் பலகையிற் காட்டுக, நொச்சி விளங்கும். எதிரி தன் யானையையே ஈந்து அம்மதிலை உடைக்கும்போது உழிஞை விளங்கும். அடுத்த பாடவேளையில் அதே பலகை கணக்கிற்கு உதவும். முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக் கூட்டினால் 20 இலக்க எண் வரும். நெல் விளையும் பொருநைப் படுகைப் பிள்ளைகட்கு இதனினும் சுவையான பெருக்கற் பாடம் உண்டோ?

திருவைகுண்ட வட்டாரத் தமிழாசிரியர்கள் வரும் கல்வியாண்டிலேயே தொடங்குக. காய்களின் அடியில் தமிழ்ப்பெயர் எழுதி ஒட்டுக. கோ, தே, யா, கு எனக் குறிப்பெழுதப் பழக்குக. பலகை வாங்கப் பணமில்லையெனில் தரையிற் கரிக்கோடு போதும். ஆங்கிலப்பெயர் கூறும் பயிற்றுநர் வரின், அவரிடம் ஆட்டத்தைப் பெற்றுக்கொண்டு, பெயர்களை அவர்க்கு நம் பிள்ளைகள் கற்பிக்கட்டும்.