வழி சொன்னவர்களின் மலை

ஜவ்வாது மலை வட்டாரத்துக்கு வழி சொல்லும் நூல் சங்க காலத்திலேயே தமிழில் எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், குறுநில மன்னன் நன்னனின் செங்கண்மாவுக்குப் போகும் கூத்தர்களுக்கு வழிகாட்டுகிறது. செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதீர்கள், பாறை வழுக்கும் என்று எச்சரிக்கும் புலவர் பெருங்கௌசிகனார், மலைக்குடிகள் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் சொல்கிறார். அந்தப் பயணத்தில் மலைவாசியே வீட்டுக்காரர், போகிறவர் விருந்தாளி.

அதற்கும் முந்தைய தடயங்கள் மலைமேல் உள்ள கீழ்செப்பிலியில் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கற்திட்டைகள் அவை. அடிவாரத்தில் உள்ள செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் கல்லில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து வீரன் ஒருவனுடன் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. காவல் காத்த நாய்க்கும் பெயர் பொறித்து வைத்த மண் இது.

அத்தகைய மண்ணின் மக்களைப் பிற்காலம் நன்றாக நடத்தவில்லை. இம்மலையின் சந்தன மரங்கள் கள்ளத்தனமாக வெட்டிக் கடத்தப்பட்டன. லாபம் சமவெளிக்கு இறங்கியது, வழக்கும் வறுமையும் மலையிலேயே தங்கின. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்குப் பிழைக்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள். சொந்த மலையில் பிழைப்பு இருந்திருந்தால் அவர்கள் ஏன் போகிறார்கள்?

இந்த மலைக்கு இன்னொரு செல்வமும் உண்டு, அது இருட்டு. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வுக்கு இடம் தேடியபோது, நகர வெளிச்சம் எட்டாத காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கெடுத்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மலை முழுக்கச் சுற்றுலா விடுதிகளின் மின்விளக்குகள் எரியத் தொடங்கினால் அந்தக் கருவிகளுக்கு வானம் மங்கிவிடும்.

இன்று ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கிறது. பீமன் மடவு அருவிக்கும் கோமுட்டேரிப் படகுக்கும் கூட்டம் வருகிறது. வரட்டும். ஆனால் அடுத்த அடியை எப்படி வைப்பது என்பதற்குக் கோஸ்டா ரிக்காவைப் பார்க்கலாம். அங்கே மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை அழித்து, 1980களில் நாட்டின் கால்பங்கு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 1996இல் வனச் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டிலிருந்து எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுத்தார்கள். இன்று பாதிக்கு மேல் காடு. அதைப் பார்க்கத்தான் உலகமே அங்கே போகிறது. காட்டில் வாழ்பவருக்குக் காட்டால் வருமானம் வந்தால், காடும் பிழைக்கும், சுற்றுலாவும் பிழைக்கும்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டின் மீது அதிகாரம் தருகிறது. ஜவ்வாது மலையில் எங்கே விடுதி, எத்தனை வண்டி, இரவில் எவ்வளவு வெளிச்சம் என்பதை இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கிராம சபைகளைக் கேட்டே அரசு முடிவு செய்ய வேண்டும். தங்கும் வீடும், சமைக்கும் சாமைச் சோறும், விற்கும் தேனும், வழிகாட்டும் வேலையும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். போகிற நாமும் அவர்கள் வீட்டு விருந்தாளியாகவே போய் வருவோம்.