குழாய்க்குள் ஒரு கொள்ளை

அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் சி.டி. ஸ்கேன் எக்ஸ்-ரே குழாய்கள் அடிமாட்டு விலைக்குத் தங்கள் நாட்டில் தள்ளப்படுகின்றனவா என்று விசாரிக்கப் போவதாக, 2025 ஏப்ரல் 4ஆம் நாள் சீன வாணிக அமைச்சகம் அறிவித்தது. அமெரிக்கா விதித்த சுங்கவரிக்குப் பதிலடியாக வந்த பல அறிவிப்புகளில் இதுவும் ஒன்று. வல்லரசுகளின் வரிச்சண்டையில் ஒரு குழாய்க்கு என்ன வேலை? உழைக்கும் மக்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

குழாய் என்பது வேறொன்றுமில்லை. காற்று நீக்கிய கூட்டுக்குள் டங்ஸ்டன் முகம் கொண்ட வட்டத்தட்டு ஒன்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல்கிறது. அதன்மேல் எலெக்ட்ரான்கள் மோதுகின்றன. மோதும் சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் எக்ஸ்-ரே ஆகிறது. மீதி 99 பங்கும் வெறும் சூடு! கொதிகலன் பக்கம் நின்ற தோழருக்கும், கடைசல் இயந்திரம் ஓட்டிய தோழருக்கும் நாம் விளக்கவா வேண்டும்? இந்தச் சூட்டில் இந்த வேகத்தில் சுழலும் பொருள் தேயும். ஒருநாள் நின்றே போகும். மாற்றினால்தான் ஸ்கேன் மீண்டும் ஓடும். குதிரையை ஒருமுறை விற்றுவிட்டு, கொள்ளுக்கு அதன் ஆயுள் முழுதும் காசு கறக்கும் வாணிகம் இது. கொள்ளையும் விற்றவனிடமே வாங்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்!

விற்பவர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவின் ஜி.இ., ஜெர்மனியின் சீமென்ஸ், நெதர்லாந்தின் பிலிப்ஸ், ஜப்பானின் கேனான் — உலகச் சந்தையின் பெரும்பகுதி இவர்கள் மடியில். கணக்குப் புரட்டில் சிக்கி டோஷிபா தள்ளாடியபோது, 2016இல் அதன் மருத்துவக் கருவித் தொழிலைக் கேனான் வாங்கியது. 2021இல் ஹிட்டாச்சியின் அதே தொழில் ஃபூஜிஃபிலிம் கைக்குப் போயிற்று. 2011இல் ஷாங்காயில் பிறந்த யுனைடெட் இமேஜிங் இன்று இவர்களோடு மல்லுக்கு நிற்கிறது. அதனால்தான் குழாய்க்குச் சண்டை.

"நாங்கள் முதல் போட்டோம், நாங்கள் இலாபம் எடுக்கிறோம், உமக்கென்ன?" என்று கேட்பார்கள். யார் போட்ட முதல்? வரலாற்றைப் புரட்டுவோம்.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இலண்டன் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்து இந்த இயந்திரத்தைச் சமைத்தார். 1971 அக்டோபர் 1ஆம் நாள், விம்பிள்டனிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மண்டையைத் திறக்காமலே ஒரு நோயாளியின் மூளைக்குள் இருந்ததைப் படம் பிடித்துக் காட்டினார். இசைத்தட்டு விற்ற நிறுவனமல்லவா? "பீட்டில்ஸ் பாட்டு விற்ற காசில் பிறந்தது ஸ்கேன்" என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். கதை இனிக்கிறது, கணக்கு வேறு சொல்கிறது. அந்த ஆய்வுக்குப் பெரும்பணம் தந்தது பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை. அதாவது, சுரங்கத்திலும் ஆலையிலும் வியர்வை சிந்தியவன் கட்டிய வரி! கணக்கு வழியை 1963இலும் 1964இலும் எழுதி வெளியிட்ட ஆலன் கார்மக்கை அன்று சீந்துவாரில்லை. 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே நட்டம் தாளாமல் ஈ.எம்.ஐ. ஸ்கேன் தொழிலைக் கைகழுவியது. அதன் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் ஜி.இ.!

உற்பத்தி ஓரிடத்தில் குவிந்தால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். 2022இல் கொரோனா முடக்கத்தால் ஷாங்காயிலுள்ள ஜி.இ.யின் ஓர் ஆலை நின்றது. ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து அமெரிக்க மருத்துவமனைகளிலேயே பங்கீட்டுக்கு வந்தது. செல்வச் சீமான்களின் நாட்டுக்கே அந்தக் கதி!

இன்னொரு தந்திரமும் உண்டு. பழுதைக் கண்டறியும் மென்பொருளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நிறுவனமே இடுப்பில் செருகிக்கொள்வது. மருத்துவமனையின் சொந்தப் பொறியாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரான அமெரிக்காவிலேயே, மருத்துவக் கருவியைப் பழுதுபார்க்க அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்று 2021இல் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்குத் தர நேர்ந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் நிலையங்களை நடத்துகிறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் ஒரே கையாக வாங்குகிறவனுக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. அந்த வலிமையை இயந்திரத்தின் விலையோடு நிறுத்திவிடலாகாது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே பத்தாண்டுக்கான குழாய் விலையை எழுதி வாங்க வேண்டும். இத்தனை மணிக்குள் குழாயை மாற்றித் தராவிட்டால் இவ்வளவு அபராதம் என்று எழுத வேண்டும். மென்பொருள் சாவியை மருத்துவமனைப் பொறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நள்ளிரவில் மண்டை உடைந்து தூக்கிவரப்படும் தொழிலாளி, கப்பலில் குழாய் வரட்டும் என்று காத்துக் கிடப்பானா? இந்த மூன்றையும் அடுத்த ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு அரசை வற்புறுத்துகிறோம். மருத்துவமனை ஊழியர் சங்கங்களும் தத்தம் ஊரில் இதைக் கேட்கட்டும்.